ரயில் பயணத்துக்கு கப் சரிப்படுமா?

கேள்வி: பரமக்குடியிலிருந்து தினமும் மதுரைக்கு ரயிலில் வேலைக்குப் போகிறேன். அந்த மூன்று நாளும் நாப்கின் மாற்ற இடமில்லாமல் தவிக்கிறேன். மென்ஸ்ட்ருவல் கப்புக்கு மாறலாமா? உள்ளேயே மாட்டிக்கொள்ளுமோ என்று பயம்.

பதில்: தாராளமாக மாறுங்கள், சகோதரி. கருப்பை வாயைத் தாண்டி கப் போக வழியே இல்லை. கேரளத்தின் கும்பளங்கி 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. அங்கே பெண்களுக்கு ஆயிரக்கணக்கில் கப் கொடுத்தார்கள், பயன்படுத்தவும் சொல்லிக்கொடுத்தார்கள்.

முதல் தடவை லீவு நாளில் வீட்டில் பழகுங்கள். சோப்பால் கை கழுவி, விளிம்பை மடித்து, குந்தி உட்கார்ந்து வையுங்கள். விரிந்துவிட்டதா என்று விரலால் அடியைச் சுற்றித் தடவிப் பாருங்கள். எடுக்கும்போது காம்பைப் பிடித்து இழுக்கவே கூடாது. அடிப்பாகத்தை அழுத்தினால் பிடிப்பு விடும், பிறகு மெதுவாக எடுக்கலாம். கை பழக இரண்டு மூன்று மாதம் ஆகும், மனம் தளராதீர்கள்.

பெரும்பாலான கப்புகளை 8 மணி நேரம் தாராளமாக வைத்திருக்கலாம். 12 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். வழியில் மாற்ற நேர்ந்தால் பாட்டில் குடிநீரில் அலசுங்கள். மாதவிடாய் முடிந்ததும் தனிப் பாத்திரத்தில் 5 நிமிடம் கொதிக்க வையுங்கள். காப்பர்-டி போட்டிருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.