கருவில் துடிக்கும் இதயம்

தாம்பரத்தில் 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சௌரிமுத்து என்பார் காசநோயாளர்க்கென ஒரு மருத்துவ நிலையம் அமைத்தார். அந்நாளில் நகரத்து நோயாளர் தூய காற்றை நாடித் தாம்பரத்திற்கு வந்தனர். இந்நாளிலோ, முடிச்சூரிலும் பெருங்களத்தூரிலும் வாழ்வோர் அரிய நோய்க்கு வல்லுநரை நாடி நகரத்திற்குச் செல்கின்றனர். கருவுற்ற தாய்க்கு இப்பயணம் எளிதன்று. தாய் செல்லாது, அவள் வயிற்றிலுள்ள கருவின் படம் மட்டும் சென்றால் போதாதோ?

மாணவர்களே, ஐந்தாம் மாதத்துக் கருவின் இதயம் ஏறத்தாழக் கட்டைவிரல் நகத்தளவே இருக்கும். நிமிடத்திற்கு 120 முதல் 160 முறை அது துடிக்கும். பிறக்கும் குழந்தைகள் ஆயிரத்தில் ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளுக்கு இதயத்தில் ஏதேனும் குறை உண்டு. அவற்றுட் பல சிறியவை. தாமே மூடிக்கொள்ளும் துளைகளும் உள. சில கொடியவை.

அவற்றுள் ஒன்றைக் கூறுவேன். இதயத்தினின்று இரு பெருங்குழாய்கள் புறப்படுகின்றன. ஒன்று நுரையீரலுக்கும் மற்றொன்று உடலுக்கும் குருதியைக் கொண்டு செல்லும். சில கருக்களில் இவை இடம் மாறி அமைந்துவிடுகின்றன. தாய்வயிற்றில் உள்ளவரை அதனால் இடர் இல்லை. உயிர்வளி கொப்பூழ்க்கொடி வழியே தாயிடமிருந்து வருகின்றது. பிறந்தபின், குருதி கலத்தற்கு உதவிய இயற்கைத் திறப்புகள் மூடத் தொடங்குகின்றன. உற்றார் மகிழ்ந்து நிற்கும்போதே குழந்தையின் உதடு நீலம் பாரிக்கும். முன்னரே அறிந்திருப்பின், தக்க மருத்துவமனையில் மகப்பேறு நிகழும். திறப்பு மூடாமற் காக்கும் மருந்தும் ஆயத்தமாக இருக்கும். குழாய்களை உரிய இடத்தில் பொருத்தும் அறுவையும் பின்னர் நடைபெறும்.

நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை மனிதச் செவி கேளாது. அவ்வொலியை வயிற்றினுட் செலுத்தி, மீளும் எதிரொலியைப் படமாக்குவதே நாம் 'ஸ்கேன்' என வழங்கும் முறை. கருவினைக் காண இது பயன்படும் என்பதைக் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் இயான் டொனால்டு 1958-இல் உலகிற்கு அறிவித்தார். இதே கருவியால் ஆணோ பெண்ணோ என அறிந்து பெண்கருவை அழித்த கொடுமையும் நம் நாட்டில் நிகழ்ந்தது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் குற்றமாக்கிற்று.

இதயத்தின் நான்கு அறைகளை மட்டும் நோக்கி அமைவோர் மேற்கூறிய குறையைத் தவறவிடக்கூடும். அறைகள் செவ்வனே தோன்றும். குழாய்கள் புறப்படும் இடத்தையும் காணல் வேண்டும். அதற்குப் பயின்ற கண்ணுடையோர் சிலரே. ஆதலின் ஓரிடத்திலுள்ளவர் கருவியை மெல்ல நகர்த்திப் படங்களைத் திரட்ட, தொலைவிலுள்ள வல்லுநர் இணையத்தின் வழியே அவற்றை ஆராயும் முறை தோன்றியது. சிலி நாட்டு மருத்துவர்கள் இதனை ஆய்ந்து 2005-இல் எழுதினர். அதற்கு முன்னரே, 2000-ஆம் ஆண்டில், சித்தூர் மாவட்டத்து அரகொண்டா என்னும் சிற்றூரின் நோயாளரைச் சென்னை மருத்துவர் தொலைவிலிருந்தே நோக்கும் ஏற்பாடு தொடங்கியிருந்தது.

எனினும் எல்லாம் கண்ணின் செயல் அன்று. முடிச்சூர்த் தாய் ஒருத்தி தாம்பரத்தில் படுத்திருக்கிறாள் எனக் கொள்வோம். கரு தன் முதுகைக் கருவியின் பக்கம் திருப்பியிருந்தால் எலும்பின் நிழல் இதயத்தை மறைக்கும். எத்துணைப் பெரிய வல்லுநரும் அந்நிழலினூடே காண இயலாது. கருவி பிடித்தவர் அதனை உணர்ந்து, "சற்று நடந்துவிட்டு வாருங்கள், அம்மா" என்பார். கரு புரண்டபின் மீண்டும் தொடங்குவார்.