சார்ஜரில் கரண்ட் வருதா?



பழைய லேப்டாப் ஆன் ஆகவில்லை என்றால் கடையில் முதலில் சொல்வது, "போர்டு போச்சு தம்பி." எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். என் செகண்ட்ஹேண்ட் லேப்டாப்புக்கு அம்மா வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை. அதனால் கடைக்குப் போகுமுன் சார்ஜரைச் சோதித்துவிடுவேன். நம் லேப் மல்டிமீட்டரே போதும்.

அடாப்டர் லேபிளில் அவுட்புட் எவ்வளவு என்று பாருங்கள். உதாரணமாக 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர், அதாவது 65 வாட். மீட்டரை டி.சி. 200 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். 20 ரேஞ்ச் 19.99-க்கு மேல் காட்டாது. 20 வோல்ட் சார்ஜர் என்றால் வெறும் '1' வந்து குழப்பும்.

சிவப்பு முனை பின்னின் உட்சுவரில், கறுப்பு வெளி உறையில். இரண்டும் ஒட்டினால் ஷார்ட்! டெல் சார்ஜரில் நடுவே உள்ள மெல்லிய ஊசி சிக்னலுக்குத்தான், அதில் அளக்காதீர்கள். 5 சதவீதம் கூடக்குறைய இருந்தால் சரி. வயரை அசைக்கும்போது ரீடிங் துள்ளினால், உள்ளே வயர் அறுந்திருக்கிறது.

லோடு இல்லாத வோல்டேஜ் பாதிச் சான்றுதான். 10 ஓம், 50 வாட் ரெசிஸ்டரைச் சில விநாடி இணைத்து மறுபடி அளங்கள். ஓம் விதிப்படி 1.95 ஆம்பியர் ஓடும். ரெசிஸ்டர் சுடும், கை வெச்சிடாதீங்க. வோல்டேஜ் சரிந்தால் கோளாறு சார்ஜரில்தான். நின்றால் லேப்டாப்பைப் பாருங்கள்.

சார்ஜரைப் பிரிக்கவே வேண்டாம். 230 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் 325 வோல்ட். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது கப்பாசிட்டரில் தங்கியிருக்கலாம். சார்ஜர் போனா வேற வாங்கிக்கலாம்!