கதண்டுக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம்?

கேள்வி: தேக்கா பக்கம் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறேன். கீழே மரத்தில் கதண்டுக் கூடு இருக்கிறது. மேக்ரோ லென்ஸுடன் நெருங்கிப் படமெடுக்கலாமா?
– வாசகர், லிட்டில் இந்தியா

பதில்: கூட்டருகே வேண்டவே வேண்டாம், பூவில் எடுங்கள். சிங்கப்பூரில் பரவலாகத் தென்படும் கதண்டு இனமான வேஸ்பா அஃபினிஸ், கறுப்பு உடலும் வயிற்றின் முன்பகுதியில் அகன்ற ஆரஞ்சுப் பட்டையும் கொண்டது. தனியாகத் தேன் குடிக்கும்போது, சீண்டாதவரை உங்களைச் சட்டை செய்யாது. கூட்டருகே ஒன்று கொட்டினால், அந்த நஞ்சின் வாசனையே மற்றவற்றையும் திரட்டிவிடும். தேனீபோல் கொடுக்கை இழப்பதில்லை, திரும்பத் திரும்பக் கொட்டும்.

100 மி.மீ. லென்ஸைவிட 180 மி.மீ. நல்லது, தள்ளி நின்றே எடுக்கலாம். வெளிர்நிற உடை போடுங்கள், மூச்சுக் காற்று அதன்மேல் படவேண்டாம். குவியத்தைத் தலையில் வையுங்கள். இரண்டு பெரிய கூட்டுக்கண்களுக்கு நடுவே, உச்சியில், மூன்று குட்டிக் கண்கள் மின்னும். வாயில் இறைச்சி உருண்டை இருந்தால் அதிர்ஷ்டம்தான்! அது குஞ்சுப் புழுக்களுக்கான உணவு. வளர்ந்த கதண்டால் திட உணவை விழுங்க முடியாது. ஊட்டிவிட்டு, புழு சுரக்கும் இனிப்புத் திரவத்தை வாங்கிக் குடிக்கும்.

கம்பளிப்புழுக்களை வேட்டையாடும் இவற்றை, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் விட்டுவைக்கலாம் என்பதே என் கருத்து. உங்கள் கூடு நடைபாதையருகே என்றால் நகர மன்றத்திடம் சொல்லுங்கள், நீங்களே மருந்தடிக்காதீர்கள். கொட்டுப்பட்டு மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தால் உடனே அவசர எண் 995-ஐ அழையுங்கள்.