ஃபியூஸ் கம்பியை இரட்டையாகப் போடலாமா?

காரைக்குடி

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. திருப்பத்தூர் வீட்டில் வெந்நீர் ஹீட்டர் வைத்ததிலிருந்து ஃபியூஸ் அடிக்கடி போகிறது, கம்பியை இரண்டாக முறுக்கிப் போட்டால் நிற்குமா என்று கேட்டிருந்தாய். நிற்கும். அதனால்தான் போடக்கூடாது என்கிறேன்.

ஃபியூஸ் காப்பது ஹீட்டரை அல்ல, ஹீட்டர் வரைக்கும் போகிற வயரை. வயரில் மின்சாரம் ஓடினால் சூடு பிறக்கும். ஓட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். சாதாரண பி.வி.சி. வயரின் உறை 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். அதற்கு மேல் சுட்டுக்கொண்டே இருந்தால் இளகும், கருகும், ஒருநாள் தீப்பிடிக்கும். ஆகவே அந்தப் பாதையில் எல்லாவற்றையும்விட மெல்லிய துண்டு ஒன்றை, பீங்கான் கட்டைக்குள், வேண்டுமென்றே வைக்கிறோம். வயர் கெடுவதற்கு முன் அது உருகி அறுந்துவிடும். எடிசன் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது.

வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியில் 5 ஆம்பியருக்கு 0.2 மி.மீ. தடிமன், 10க்கு 0.35, 15க்கு 0.5. இந்தக் கம்பி தன் அளவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஓடினால்தான் உருகும். உன் ஹீட்டர் 2000 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். அம்மா 750 வாட் மிக்சியைப் போட்டதும் இன்னும் 3.3 சேர்ந்து 12 ஆகிறது. 5 ஆம்பியர் கம்பி அறுந்தது நியாயந்தானே? இரண்டாக முறுக்கினால் 20 ஆம்பியர் வரை அது அசையாது. ஆனால் இவற்றைச் செருகியிருக்கிற விளக்கு லைனில் ஓடுவது 1 சதுர மி.மீ. வயர். 20 ஆம்பியரை அது தாங்காது. கம்பிக்குப் பதில் வயர் எரியும், அதுவும் தேக்கு உத்தரத்தை ஒட்டி. ஹீட்டருக்கு 2.5 சதுர மி.மீ. வயரில் தனி லைன் இழுத்து, 15 ஆம்பியர் ஃபியூஸ் போடுவதே சரி. ஃபியூஸுக்குப் பதில் எம்.சி.பி. வைத்தாலும் இதே கணக்குதான். வயரைப் பார்த்துத்தான் அளவு.

எங்கே வைப்பது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். செட்டிநாட்டு வீடுகள் நீளமானவை. மெயின் முகப்பில் இருக்கும்; அடுப்படி வளவு தாண்டிப் பின்கட்டில். கைக்கு எட்டட்டும் என்று ஹீட்டர் பக்கத்திலேயே ஃபியூஸை வைத்துவிட்டால், நடுவில் எலி வயரைக் கடித்து ஷார்ட் ஆகும்போது அந்த மின்சாரம் ஃபியூஸ் வரைக்கும் வராமலே வயரைச் சுடும். லைன் புறப்படும் இடத்தில், போர்டிலேயே, ஃபியூஸ் இருக்க வேண்டும். தடித்த வயரிலிருந்து மெல்லிய வயர் பிரியும் இடம் ஒவ்வொன்றிலும் அதற்கேற்ற இன்னொன்று வேண்டும். பேஸில் மட்டும் வைக்க வேண்டும், நியூட்ரலில் கூடாது. பழைய வீடுகளில் இரண்டிலும் கட்டை இருக்கும். நியூட்ரல் கட்டை போனால் விளக்கு அணைந்துவிடும், பேஸ் உயிரோடு இருக்கும். இருட்டுதானே என்று தொட்டவன் அடி வாங்குவான்.

இதைவிட என்னை உறுத்துவது எர்த். ஹீட்டரின் இரும்பு உடம்பில் பேஸ் பட்டால் மின்சாரம் எர்த் வழியே மண்ணுக்குப் பாய வேண்டும். அந்தப் பாய்ச்சலில்தான் ஃபியூஸ் போகும். எர்த்தின் தடை 5 ஓம் என்றால் 46 ஆம்பியர் பாயும், 15 ஆம்பியர் கம்பி உடனே அறும். நம் பக்கத்துச் செம்மண்ணும் சரளையும் சித்திரை வெயிலில் காய்ந்து தடை 50 ஓம் ஆகிவிட்டால் பாய்வது 4.6 ஆம்பியர்தான். ஃபியூஸ் அப்படியே இருக்கும், ஹீட்டர் உடம்பிலும் மின்சாரம் இருக்கும். எர்த் குழியில் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதற்காகத்தான். ஈரத்தைப் பிடிக்க உப்பும் கரியும் போடுகிறோம். அதே உப்பு இரும்புக் குழாயை அரிக்கவும் செய்யும். 1953இல் திறந்த இந்த ஊர் மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியில் அரிமானத்தை ஆராயவே தனிப் பிரிவு உண்டு. ஆகவே குழாயையும் சில வருஷங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

எர்த் நன்றாக இருந்தாலும், பேஸை நேராகத் தொட்டவனை ஃபியூஸ் காப்பாற்றாது. ஆளைக் கொல்ல ஒரு ஆம்பியரில் சிறு பங்கு போதும், 5 ஆம்பியர் கம்பிக்கு அது தெரியவே தெரியாது. அதற்கு, மின்கசிவைக் கண்டதும் லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். செலவென்று அப்பா தயங்கினால் நான் பேசுகிறேன்.

நீயாக எதையும் கழற்றாதே. மீட்டருக்கு முன்னால் இருக்கிற மின்வாரியக் கட்டையை யாருமே தொடக்கூடாது. உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு, ஹீட்டருக்குத் தனி லைன் போட்டு, எர்த் எத்தனை ஓம் என்று மீட்டர் வைத்து அளக்கச் சொல். பக்கத்தில் நின்று பார்த்து, அந்த அளவை எனக்கு எழுது. அதுவரை ஹீட்டர் வேண்டாம். வெந்நீர் அடுப்பிலேயே காயட்டும்.

அன்புடன்,
மாமா