அந்தமானில் கல்யாணம்: வீடியோகிராஃபரா, ரீல்ஸ் எடுப்பவரா?

1. ஒருவருக்குத்தான் பட்ஜெட் இடம் கொடுக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், வீடியோகிராஃபர்தான். கன்டென்ட் கிரியேட்டர் செல்போனில் எடுத்து அன்றைக்கே ரீல்ஸாக வெட்டித் தருவார். அதில் பாதியை விவரமான சித்தி மகளே செய்துவிடுவாள். ஆனால் கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் நாத்தனார் பின்னாலிருந்து கை நீட்டும் அந்த அரை நிமிடம் இருக்கிறதே, அட்சதைக்கும் எம்பி நிற்கும் தலைகளுக்கும் நடுவே அதைப் பிடிக்க இரண்டு கேமராவும் பழகிய கையும் வேண்டும்.

2. டிரெய்லரைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மூன்று நிமிட டிரெய்லர் யார் எடுத்தாலும் அழகாகத்தான் இருக்கும். பழைய கல்யாணம் ஒன்றின் முழு வீடியோவைக் கேளுங்கள்.

3. வெளிச்சக் கணக்கு இங்கே வேறு. ஸ்ரீ விஜயபுரத்தில் (நம் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான்) சூரியன் சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முந்திக்கொள்ளும். டிசம்பரில் 5 மணியை ஒட்டியே அஸ்தமனம். ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையில் அந்திப் படம் வேண்டுமானால் 3.30-க்கே மணப்பெண் அலங்காரம் முடிந்திருக்க வேண்டும். அலங்காரம் செய்பவரிடமும் இதைச் சொல்லிவையுங்கள். தாமதம் அங்கேதான் தொடங்கும். அதே தீவின் காலாபத்தர் கிழக்குக் கரை, விடியலுக்கு ஏற்றது.

4. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்த பிறகு நெட் நிலைமை எவ்வளவோ தேவலை. அதற்காகக் கடற்கரை ரிசார்ட்டின் மூலையிலும் சிக்னல் இருக்கும் என்று நம்ப வேண்டாம். ‘உடனுக்குடன் ரீல்ஸ்’ என்று கூடுதல் பணம் கேட்டால், அந்த இடத்தில் போனை எடுத்து ஒரு வீடியோவை ஏற்றிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

5. மூல ஃபுட்டேஜை ‘அப்புறம் அனுப்புகிறோம்’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கிக் கொடுத்து, ஊர் திரும்பும் முன் ஒன்றைக் கையில் வாங்கிவிடுங்கள்.

6. சென்னையிலிருந்து ஆள் கொண்டுவந்தால் விமான டிக்கெட், படகுக் கட்டணம், அறை எல்லாம் உங்கள் தலையில். உள்ளூர்க்காரரை முதலில் பாருங்கள். வெளியூர்க்காரர்தான் என்றால் முகூர்த்தத்துக்கு முந்தின நாளே தீவுக்கு வந்துவிட வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு ரத்தாகும். கேமராவின் உபரி பேட்டரிகளை விமானத்தில் கைப்பையில்தான் எடுத்துவர வேண்டும்.

7. ‘ட்ரோன் இலவசம்’ என்றால் அனுமதி யார் வாங்குவது என்று கேளுங்கள். இது முப்படைக் கூட்டுக் கட்டளையகம் இருக்கும் பகுதி. நினைத்த இடத்தில் பறக்கவிட முடியாது. பாராடங் பக்கம் படப்பிடிப்புக்குப் போனால் வழியில் ஜாரவா பழங்குடி மக்களை நோக்கிக் கேமராவைத் திருப்பவே கூடாது. அது குற்றம்.

8. கடற்கரையில் காற்று இரைச்சல் மந்திரத்தையும் நாதஸ்வரத்தையும் விழுங்கிவிடும். தனி மைக் வைப்பாரா என்று கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். செல்போன்காரரிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

9. இருவரையும் அமர்த்தினால் மேடையின் எந்தப் பக்கம் யார் என்பதை முந்தின நாளே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் தாலி கட்டும் காட்சியில் நடுநாயகமாக நிற்பது செல்போன்காரரின் முதுகுதான். எந்த ரீலையும் வீட்டார் பார்த்துச் சம்மதித்த பிறகே வெளியிட வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.