நீ-ராப் முழங்காலைக் காக்குமா?

பவர்லிஃப்டிங் போட்டி நெருங்கும் வாரங்களில், கனமான ஸ்குவாட்டுக்கு முன் முழங்காலில் இறுக்கிச் சுற்றப்படும் தடித்த மீள்பட்டைதான் நீ-ராப். அது முழங்காலுக்குக் காவல் என்பதே பரவலான நம்பிக்கை. பாறசாலை, நெய்யாற்றின்கரை போன்ற கேரள-தமிழ்நாடு எல்லைப் பகுதிகளில் இந்த எண்ணம் எளிதில் வேரூன்றக் காரணம் உண்டு. அடிமுறை என்னும் தற்காப்புக் கலையும் வர்ம வைத்தியமும் வாழ்ந்த தென்திருவிதாங்கூர் மண் இது. முட்டு பிசகினால் ஆசான் எண்ணெய் போட்டுத் தடவித் துணியால் கட்டுவார். அந்தக் கட்டு மூட்டை அசையாமல் வைத்து ஆறவிடும். ராப் செய்வதோ நேர் எதிரான வேலை: அசையும் மூட்டின் மேல் அது இன்னும் அதிக எடையை ஏற்ற உதவுகிறது.

எடையோடு உட்காரும்போது பட்டை இழுபட்டு விசையைச் சேமிக்கிறது. எழும்போது அதைத் திருப்பித் தருகிறது. கூடுதலாகத் தூக்கும் கிலோக்களில் ஒரு பங்கு பட்டையுடையது, தொடையுடையது அல்ல. இறுக்கம் முழங்கால் சில்லைத் தொடை எலும்போடு அழுத்தவும் செய்கிறது. வலிக்கும் முட்டில் ராப் கட்டிப் பயிற்சியைத் தொடர்வது ஆபத்தானது. இறுக்கத்தில் வலி மறைகிறது, காரணம் அப்படியே இருக்கிறது.

"ராப் கட்டினாலும் ஸ்குவாட் அதே ஸ்குவாட்தான்" என்பதும் சரியல்ல. இங்கிலாந்தின் சிசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேசன் லேக் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வில், ராப் கட்டியவர்கள் வேகமாக இறங்கினர். பார் முன்பின்னாக நகர்வது வெகுவாகக் குறைந்தது. இடுப்பு பின்னே போவது குறைவதால் உடல் நிமிர்ந்தே இறங்குகிறது, இடுப்புத் தசைகளுக்கு வேலை குறையக்கூடும். ஆண்டு முழுதும் எல்லா செட்டுக்கும் ராப் கட்டிப் பழகுவதில் உள்ள இழப்பு இதுதான். அடிப்படைப் பலத்தை ராப் இல்லாமலோ, ஸ்லீவ் எனப்படும் முழங்கால் உறை அணிந்தோ வளர்த்துவிட்டு, கடைசிச் சில வாரங்களில் உச்ச எடைக்கு நெருங்கிய ஓரிரு செட்டுகளுக்கு மட்டும் ராப் கட்டுவதே பொருத்தம். அந்த அளவுப் பழக்கம் கட்டாயம் வேண்டும். இறுக்கிய ராப் முழங்காலை எளிதில் மடங்கவிடாது. எடை போதாவிட்டால் உரிய ஆழத்துக்கு இறங்கவே முடியாது. இடுப்பு மடிப்பு முழங்காலின் மேற்பரப்புக்குக் கீழே போகாத ஸ்குவாட்டை நடுவர்கள் ஏற்பதில்லை.

ஆழமாக உட்கார்ந்தால் முட்டு கெடும் என்ற பயம் 1961-ல் அமெரிக்காவின் கார்ல் கிளைன் எழுதியதிலிருந்து பரவியது. ஆழ ஸ்குவாட் தசைநார்களைத் தளர்த்தும் என்றார் அவர். பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. சரியான முறையில், எடையைப் படிப்படியாகக் கூட்டிச் செய்யும் ஆழ ஸ்குவாட் நலமான முட்டைக் கெடுப்பதில்லை என்பதே இன்றைய புரிதல்.

எல்லாப் போட்டியிலும் ராப் கட்டலாம் என்று நினைத்துப் பயிற்சி செய்தவருக்கு அதுவே பெரிய ஏமாற்றமாக முடியும். சர்வதேசப் பவர்லிஃப்டிங் சம்மேளனமான ஐ.பி.எஃப். விதிப்படி 'கிளாசிக்' பிரிவில் ராப்புக்கு இடமில்லை. 7 மில்லிமீட்டர் தடிமனுக்கும் 30 சென்டிமீட்டர் நீளத்துக்கும் மிகாத ஸ்லீவ் மட்டுமே அங்கே செல்லும். 'எக்விப்ட்' பிரிவில் ராப் உண்டு. நீளம் 2 மீட்டரையும் அகலம் 8 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது. ராப்புக்கெனத் தனிப் பிரிவு வைத்திருக்கும் வேறு அமைப்புகளும் உள்ளன. பாறசாலைக்காரர் கேரளத்துக்காகவும் சிறிது தூரத்திலுள்ள களியக்காவிளைக்காரர் தமிழ்நாட்டுக்காகவும் களமிறங்கலாம். போட்டி எந்த அமைப்பின் விதியில் நடக்கிறது என்பதை இருவருமே பயிற்சி தொடங்கும் முன் கேட்டறிய வேண்டும்.

நேரமே கட்டினால் உடல் தயாராகும் என்பதும் தவறு. இறுக்கிய பட்டைக்குக் கீழே ரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் மரத்துப்போகும். பார் தயார் என்று அறிவித்ததிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் முயற்சியைத் தொடங்க வேண்டும் என்பதால், உதவியாளர் தன் ஆளின் முறைக்குச் சற்று முன்பாகவே கட்டி முடிப்பார். தூக்கி முடித்ததும் முதல் வேலை ராப்பை அவிழ்ப்பது.