பொருத்துக விளையாட்டும் பைத்தான் சொற்களும்

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பைத்தான் மொழியின் கலைச்சொற்களை மீள்பார்வை செய்ய, அட்டைகளைப் பொருத்தும் விளையாட்டு உதவுமா?

பதில்: உதவும், ஆனால் சொல்லை ஓர் அட்டையிலும் வரையறையை மற்றோர் அட்டையிலும் எழுதிச் சேர்க்கச் சொல்வதோடு நின்றுவிட்டால், மாணவர்கள் ஓரிரு வார்த்தைகளை அடையாளம் வைத்துக்கொண்டு பொருள் புரியாமலே பொருத்திவிடுவர் என்பதால், நிரல் வரி ஒன்றைத் தாங்கிய மூன்றாவது அட்டையும் இன்றியமையாதது. பாராமீட்டரும் ஆர்கியுமென்ட்டும் குழப்பத்துக்குப் பேர்போன இணை. ஃபங்ஷனை, அதாவது பெயரிட்டு வேண்டும்போது அழைக்கத்தக்க கட்டளைத் தொகுப்பை, வரையறுக்கையில் அடைப்புக்குறிக்குள் இடப்படும் பெயர் பாராமீட்டர்; அதே ஃபங்ஷனை அழைக்கையில் அவ்விடத்தில் தரப்படும் மதிப்பு ஆர்கியுமென்ட். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்பதால், வரையறை வரியில் 'பரப்பு(பக்கம்)' என்றும் அழைப்பு வரியில் 'பரப்பு(5)' என்றும் அட்டைகளில் எழுதிக் கொடுக்கலாம். அவற்றை ஏந்திய இருவர் தத்தம் சொல்லைத் தேடிச் செல்லும்போது எழும் வாதமே இவ்விளையாட்டின் உண்மையான பயன் என்பதால், ஆசிரியர் அவசரப்பட்டுத் தீர்ப்பு வழங்கலாகாது. உருவாக்கிய பின்னும் மாற்றத்தக்க லிஸ்ட், மாற்ற இயலாத டியூப்பிள் ஆகியவற்றுக்கும் இம்முறை பொருந்தும். சொற்களைவிட வரையறை அட்டைகள் சில கூடுதலாக இருத்தல் வேண்டும். இல்லையேல் கடைசி இணை யோசனையின்றியே அமைந்துவிடும்.